எல்லா லிங்க்கும் என் வீட்டுக்கே

மூன்று வாரமாக எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலுக்கு முன்பின் தெரியாதவர்கள் வந்து பிராணிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒருவர் பூனைக்கூண்டோடு வந்தார். அடுத்து ஒரு தம்பதி வந்து, கிளியைக் காணோமென்று மரத்தை அண்ணாந்து பார்த்து ஒரு மணி நேரம் சீட்டியடித்துவிட்டுப் போனார்கள். காவலாளி என்னை ஓரங்கட்டி, "சார், நம்ம கட்டடத்துல ஏதோ வாடை இருக்கு. ஊர்ல தொலையுற மிருகமெல்லாம் இங்கதான் வருதாம்," என்றார். நான் யோசித்துப் பார்த்து, குப்பைத் தொட்டிகளுக்கு மூடி போடச் சொன்னேன்.

இத்தனைக்கும் நான் செய்யும் தொழில் என்ன தெரியுமா? காணாமல் போன பிராணிகளைத் தேட உதவும் ஒரு வலைத்தளத்தில், வரைபடம் வருகிற பக்கத்தை எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. குப்பைத் தொட்டி தோன்றியது.

அந்த வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு அலுவலகத்தில் இருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. நான்கு மாதத்தில் முதல் முறை.

"டேய், பென்சிலைக் காணோம்."

நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. அக்கா கணக்கு டீச்சர். விடைக்குத் தேவையில்லாத வரியை எழுத மாட்டாள்.

பென்சில் அவள் நாய். அவள் கணவர் இறந்த வருடம் பள்ளிக்கூட வாசலில் கிடந்த குட்டியைப் பையில் போட்டு எடுத்து வந்தாள். வால் சீவி விட்ட மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். இரண்டு வருடமாக அதற்கு வலிப்பு. காலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரை, மாலை ஏழு மணிக்கு ஒன்று.

"காலைல மாத்திரையைக் கையில எடுத்துட்டுத் திரும்புறேன், பக்கத்து வீட்டுல சுவத்தை இடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அந்தச் சத்தத்துல கேட்டைத் தாண்டிக் குதிச்சுட்டான். தெருத்தெருவா அலைஞ்சு பார்த்துட்டேன்."

"மாத்திரை?"

"என் கையிலதான் இருக்கு." குரல் கொஞ்சம் உடைந்தது, உடனே ஒட்டிக்கொண்டது. "ஒரு வேளை தப்பினா சமாளிக்கலாமாம். சாயங்கால வேளையும் தப்பினா, வலிப்பு ஒண்ணு மேல ஒண்ணா வரும், நிறுத்துறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார்."

"நம்ம சைட்ல போட்டியா?"

"போடணும்னுதான் கூப்பிட்டேன். எந்தப் பட்டனை அமுக்கணும்?"

பட்டன். அந்தச் சொல்லில்தான் எங்கள் நான்கு மாதமும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய சக ஆசிரியைகள் வந்திருந்தபோது, தம்பிக்கு என்ன வேலை என்று யாரோ கேட்டார்கள். "ஸ்கிரீன்ல பட்டன் தைக்கிறான்," என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, அவசர வேலை இருப்பதாகச் சொல்லி வெளியேறினேன். வாராவாரம் பென்சிலுக்கு பிஸ்கட் வாங்கிப் போகிறவன், அதோடு போவதை நிறுத்திவிட்டேன். அவளும் கூப்பிடவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், வீம்பை மட்டும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

எந்தப் பட்டன் என்று சொன்னேன். அவள் படத்தோடு, போன் நம்பரோடு அறிவிப்பைப் போட்டாள். அதன் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. என் கட்டைவிரலுக்கு ஒரு வியாதி உண்டு. பதற்றம் வந்தால் போனில் திறந்திருக்கும் பக்கத்தைக் கீழே இழுத்து இழுத்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் நூறு தடவையாவது இழுத்திருப்பேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு அக்கா ஒரு செய்தியை எனக்குத் தட்டிவிட்டாள். ஒரு பஸ் டிரைவர் அனுப்பியது. "உங்கள் நாயை இப்போது இங்கே பார்த்தேன்." கீழே எங்கள் தளத்தின் லிங்க்.

திறந்தேன். வரைபடம் விரிந்தது. நடுவில் சிவப்புக் குறி. அது குத்தி நின்ற இடம் என் கட்டடம்.

அந்த நிமிடம் எனக்குள் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தை எழுதியவன் நான். அதன் எலும்பும் நரம்பும் எனக்குத் தெரியும். ஆனால் அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பென்சில் என்னைத் தேடி வந்திருக்கிறான். நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இவன் வரமாட்டான், நாமே போவோம் என்று கிளம்பியிருக்கிறான்.

"அக்கா! அவன் என் வீட்டுக்குத்தான் போயிருக்கான்!"

"உன் வீட்டுக்கா? எதுக்கு?"

"எதுக்குன்னா... பாசம்தான்."

"சரி, வர்றேன்," என்றாள்.

வழியில் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், வாசலில் திருவிழாக் கூட்டம். அக்கா, அவள் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர், அறிவிப்பைப் பார்த்து உதவ வந்தவர்கள். எல்லோர் கையிலும் அதே லிங்க், அதே சிவப்புக் குறி. காவலாளி நடுவில் நின்று, "மேடம், அது என் சாப்பாட்டுப் பை, அதுக்குள்ள நாய் இருக்காது," என்று யாரிடமோ மன்றாடிக்கொண்டிருந்தார்.

கார்களுக்கு அடியில் படுத்துப் பார்த்தோம். மின்சார அறையைத் திறந்து பார்த்தோம். தண்ணீர்த் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தோம். நான் பிஸ்கட்டை நீட்டிக்கொண்டு, "பென்சில்! மாமா வந்துட்டேன் பாரு!" என்று கட்டடத்தை மூன்று சுற்று சுற்றினேன். இரண்டாம் மாடியிலிருந்து ஒரு குழந்தை எனக்கு ஒரு பென்சிலைத் தூக்கிப் போட்டது.

மூன்று மணிக்கு ஒரு பெண்மணி பிளாஸ்டிக் கூடையோடு வந்து நின்றார். "மன்னிச்சுக்குங்க. எங்க வெள்ளை வாத்து இங்க இருக்கிறதா சொன்னாங்க."

காவலாளி என்னைப் பார்த்தார். "சார், இதுக்கும் குப்பைத் தொட்டிதானா?"

"யாரும்மா சொன்னது?" என்றேன்.

"யாரோ ஒரு நல்ல மனுஷர் லிங்க் அனுப்பினார். இதோ." போனை நீட்டினார்.

அவருடைய வரைபடத்திலும் என் கட்டடம்தான். திரையின் மேலே இருந்த வலைமுகவரியைப் படித்தேன். அக்காவுக்கு வந்த முகவரியைப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றே.

போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"அக்கா, பென்சில் இங்க வரவே இல்லை."

"பாசம்னு சொன்னியே."

"பாசம் இல்லை. ஆரம்ப இடம்."

விளக்க வேண்டியிருந்தது. நடுத்தெருவில், அத்தனை பேர் முன்னால். வரைபடத்தை யார் எங்கே நகர்த்தினாலும், குறியை எங்கே நிறுத்தினாலும், அது அவர் போனில் திறந்திருக்கும் பக்கத்தின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. மேலே உள்ள முகவரியில் அது ஏறுவதில்லை. அந்த முகவரியை இன்னொருவருக்கு அனுப்பினால், அவருக்குப் பக்கம் புதிதாகப் பிறக்கிறது. பிறந்ததும் நிற்க ஓர் இடம் வேண்டுமே என்று, முதல் நாள் சோம்பலில் என் வீட்டின் இடத்தையே எழுதி வைத்திருந்தேன். அனுப்புகிறவர் பாலத்தைக் காட்டினாலும் பள்ளத்தைக் காட்டினாலும், பெறுகிறவர் என் வாசலுக்கு வருவார்.

"அப்போ நீங்க அனுப்புறது இடத்தை இல்லை," என்றாள் அக்கா. "தெருப் பேர் இல்லாம, வெறும் கடைப் பேரை."

"ஆமா."

"முகவரியில ஏத்த முடியாதா?"

"முடியும். முதல்ல ஏத்தித்தான் வச்சிருந்தேன்."

"அப்புறம்?"

இதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க வழியிருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தேன். வாத்துக்காரம்மா உட்பட எல்லோரும் காத்திருந்தார்கள்.

"வரைபடம் ஒவ்வொரு தடவை அசையும்போதும் பார்த்த பக்கங்களோட வரிசையில முகவரியைப் புதுசா ஒண்ணு சேர்த்துட்டே போற மாதிரி எழுதிட்டேன். முதலாளி பார்த்துட்டு வெளிய வர பேக் பட்டனை அமுக்கினார். வரைபடம் ஒரு இன்ச் பின்னால போச்சு. நாப்பத்தேழு தடவை அமுக்கினாராம். எல்லார் முன்னாலயும் எண்ணிக் காட்டினார். சேர்க்காம, இருக்கிறதையே மாத்தி எழுதியிருந்தா போதும். ஒரே ஒரு வார்த்தை மாத்தணும்."

"மாத்தலையா?"

"எனக்குக் கோபம். மூணு வாரம் முன்னாடி மொத்தத்தையும் தூக்கிட்டேன்."

அக்கா என்னையே பார்த்தாள். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவனை அடையாளம் கண்டுகொண்ட பார்வை அது. பிறகு மணியைப் பார்த்தாள். மூன்றேகால்.

"டிரைவர் போன்ல அந்தப் பக்கம் இன்னும் இருக்குமா?"

"அவர் மூடாம இருந்தா. கீழ இழுக்காம இருந்தா."

டிரைவருக்கு ஆறு முறை அடித்தும் எடுக்கவில்லை. ஏழாவது அடிப்பதற்குள் அவரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சொல்லுங்க சார், ஸ்டாப்புல நிக்கிறேன், ஒரு நிமிஷம்தான். நாய் கிடைச்சுதா?"

"இல்லைங்க. எந்த இடத்துல பார்த்தீங்க?"

"அதான் அனுப்பினேனே."

"அது வந்து சேரலை. வாயால சொல்லுங்களேன்."

"எனக்கு இன்னிக்குப் புது ரூட் சார். லீவு போட்டவருக்குப் பதிலா வந்தேன். ஒரு மஞ்சச் சுவர். எங்க திரும்பினாலும் மஞ்சச் சுவராத்தான் இருக்கு. அதனாலதான் படத்துலயே குறிச்சேன்."

"பார்த்ததை சைட்லயே பதிவு பண்ணலையா?"

"பதிவுக்குப் போனா பேரு, பிறந்த தேதி, பாஸ்வேர்டுன்னு கேட்டுது. பஸ்ல அறுபது பேர் உட்கார்ந்திருக்காங்க சார். லிங்க்கை மட்டும் அனுப்பிட்டேன்."

அந்தப் பதிவுப் பக்கமும் நான் எழுதியதுதான்.

"பரவாயில்லை. அந்தப் பக்கம் இன்னும் திறந்திருக்கா?"

"இருக்கு. ஊர்ப் பேரெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு சார், எவன் பண்ணானோ தெரியல. கண்ணாடி இல்லாம படிக்க முடியல. கொஞ்சம் கீழ இழுத்து..."

"இழுக்காதீங்க!" நான் போட்ட சத்தத்தில் வாத்துக்காரம்மா கூடையைக் கீழே போட்டார். "எதையும் தொடாதீங்க. அப்படியே ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும்..."

"அதுக்குப் பக்கத்துப் பட்டனை அமுக்கணும்ல? அது உடைஞ்சு கிடக்கு. தொட்டா போனே அணைஞ்சு எழும். நாலே காலுக்கு டெர்மினஸ் வர்றேன், பத்து நிமிஷம் நிப்பேன். வந்து பார்த்துக்குங்க. இப்ப வைக்கிறேன், பின்னாடி ஹார்ன் அடிக்கிறான்."

டாக்ஸி பிடித்தோம். வாத்துக்காரம்மாவிடம் "கொஞ்சம் இருங்க, வந்துடுறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினேன் என்று நினைவு. சொன்னேனா, நினைத்தேனா என்று சத்தியம் செய்ய முடியாது.

ஒவ்வொரு சிக்னலும் எங்களுக்காகவே சிவப்பாகக் காத்திருந்தது. நான் போனை எடுத்தேன், இழுத்தேன், வைத்தேன், எடுத்தேன். அக்கா மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டிருந்தாள். ஒன்பது முறை எண்ணினேன். அதுவும் எங்கள் குடும்ப வியாதி போல.

"இந்த நாலு மாசம்," என்று ஆரம்பித்தாள்.

"என்ன?"

"ஞாயித்துக்கிழமை ஆனா கேட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துடுவான். சாயங்காலம் வரைக்கும்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "நாய்க்கு எப்படித்தான் கிழமை தெரியுதோ."

எனக்கு அதற்குப் பிறகு போனை இழுக்கத் தோன்றவில்லை. இரண்டு நிமிடம்.

டெர்மினஸில் பத்துப் பன்னிரண்டு பஸ்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. நாலு இருபதுக்கு அவருடைய பஸ் வளைந்து வந்தது. டிரைவர் இறங்கினார். பெரிய உருவம், சின்னக் குரல். சட்டைப் பையிலிருந்து போனைக் குருவிக்குஞ்சு மாதிரி இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க சார். மூச்சுகூட விடாம வச்சிருந்தேன்."

கையை நீட்டினேன். என் கட்டைவிரல் தானாக மடங்குவது எனக்கே தெரிந்தது. சட்டென்று இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டேன்.

"அக்கா, நீ வாங்கு."

"ஏன்டா?"

"என் விரலை எனக்கு நம்பிக்கை இல்லை."

அக்கா வாங்கினாள். பஸ்ஸின் படியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு பழைய விடைத்தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். சிவப்புப் பேனா. திரையைக் கண்ணுக்கு அருகே பிடித்து, எறும்பு எழுத்துகளை வாய்விட்டுப் படித்தபடி வரைந்தாள்.

"மேல கால்வாய் போகுது. அதை வெட்டிக்கிட்டு மூணு ரோடு. நடு ரோட்டுக்குத் தெற்கே ரெண்டாவது திருப்பம். அளவு எங்கடா போட்டிருக்கு?"

"இடது பக்கம், அடியில. ஒரு சின்னக் கோடு."

"நூறு மீட்டருக்கு இவ்வளவு." பேனா மூடியால் அளந்தாள். "அப்போ திருப்பத்துலேர்ந்து இருநூத்தம்பது மீட்டர். இடது கைப் பக்கம். பெரிய கட்டம் ஒண்ணு, பேரு இல்லை."

அவள் கடைசி எழுத்தை எழுதும்போது போன் அலறியது. டிரைவர் வாங்கிக் காதில் வைத்து, "வர்றேங்க, இதோ எடுத்துட்டேங்க," என்று மேலதிகாரியிடம் குழைந்துவிட்டு, மறுபடி அக்காவிடம் நீட்டினார். அதுவரை தாக்குப்பிடித்த பக்கம் இந்த அழைப்பில் வெள்ளையாகி, ஒரு சக்கரம் சுற்றி, மீண்டும் பிறந்தது. நடுவில் சிவப்புக் குறி.

"இது உன் வீடுதானே?" என்றாள் அக்கா.

"ஆமா."

"கதவு நம்பர் வரைக்கும் போட்டிருக்கு."

டிரைவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனா?"

"நீங்க எதையும் தப்பா அமுக்கலை," என்றேன். மூன்று வாரம் முன்பே முதலாளியிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கால்வாய் இருந்தது. மூன்று ரோடு இருந்தது. மஞ்சச் சுவரும் இருந்தது, அவர் சொன்ன மாதிரி எங்கே திரும்பினாலும். அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பிடித்து டாக்ஸியை நடத்தினாள். இருநூற்றைம்பது மீட்டர் முடிந்த இடத்தில் ஒரு திறந்தவெளி. கழிவுநீருக்குப் போடும் பெரிய பெரிய சிமென்ட் குழாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மணி ஐந்தே முக்கால்.

ஒவ்வொரு குழாய்க்குள்ளும் குனிந்து பார்த்தோம். பதினான்காவது குழாயின் ஆழத்தில் இரண்டு கண்கள். பென்சில் ஒருக்களித்துக் கிடந்தான். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. வலிப்பு ஒரு முறை வந்து போயிருக்கிறது.

நான் வயிற்றால் ஊர்ந்து பாதிவரை போனேன். "பென்சில், மாமாடா. ஞாயித்துக்கிழமை மாமா. வாடா தங்கம்."

பென்சில் என்னை ஒரு பார்வை பார்த்தான். அசையவில்லை.

வெளியே அக்கா தொண்டையைச் செருமினாள். பிறகு, நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்கார வைக்கும் அந்தக் குரலில் சொன்னாள்: "பென்சில், மணி அடிச்சாச்சு."

அவன் எழுந்தான். தள்ளாடித் தள்ளாடி வந்து, என் முதுகில் நான்கு காலையும் வைத்து ஏறிக் கடந்து, அவள் மடியில் போய் விழுந்தான். அவள் அவனை இறுக்கிக்கொண்டு முகத்தை அவன் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். நான் குழாயை விட்டு வெளியே வராமல் கொஞ்ச நேரம் அங்கேயே சிமென்ட்டின் தரத்தை ஆராய்ந்தேன்.

"டேய்," என்றாள் பிறகு, மூக்கடைத்த குரலில். "மாத்திரையை வெறுமனே குடுத்தா துப்பிடுவான். எதுக்குள்ளயாவது வச்சுக் குடுக்கணும். ஒண்ணும் எடுத்துட்டு வரலையே நான்."

பாக்கெட்டிலிருந்து பிஸ்கட்டை எடுத்தேன். நசுங்கித் தூளாகியிருந்தது. அதுவே வசதியாகப் போயிற்று. மாத்திரையைத் தூளில் பொதிந்து உள்ளங்கையில் நீட்டினேன். பென்சில் முகர்ந்தான். நக்கித் தின்றான். பிறகு என் கட்டைவிரலை நெடுநேரம் நக்கினான். அதில் தூள் ஒட்டியிருந்தது என்பது எனக்கும் தெரியும்.

அக்கா வீட்டுக்கு வரும்போது ஆறரை. டாக்டரிடம் போனில் பேசினாள். இனி பயமில்லை, தூங்கட்டும் என்றார். பென்சில் சோபாவுக்குக் கீழே குறட்டை விட்டான். நான் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன். என்னால் சும்மா உட்கார முடியவில்லை. வரைபடம் அசைந்து நிற்கும்போதெல்லாம் இடமும் அளவும் குறியும் முகவரியில் ஏற வேண்டும். புதிதாகச் சேராமல், இருக்கிறதை மாற்றி எழுத வேண்டும். திறக்கும்போது முகவரியைப் படித்து அங்கேயே போய் நிற்க வேண்டும். முன்பு தூக்கியெறிந்ததைத் தேடியெடுத்து, அந்த ஒரு வார்த்தையை மாற்றினேன். முதலாளியிடம் போனில் சொன்னேன். "இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாமே," என்றார். "செஞ்சிருக்கலாம் சார்," என்றேன். அவ்வளவுதான். வலிக்கவே இல்லை.

"முடிச்சாச்சு," என்றேன்.

"யார் சொன்னா? நான் பார்க்கணும்." அக்கா கண்ணாடியை மாட்டினாள். அவள் போனில் வரைபடத்தை இழுத்து, குழாய் கிடந்த இடத்தில் குறியை நிறுத்தி, லிங்க்கை எனக்கு அனுப்பினாள். என் போனில் திறந்தேன். கால்வாய். மூன்று ரோடு. பேர் இல்லாத பெரிய கட்டம். அவள் தன் போனில் பேக் பட்டனை ஒரே ஒரு முறை அமுக்கினாள். ஒரே அமுக்கலில் வெளியே வந்தாள். விடைத்தாளின் பின்பக்கம், தான் வரைந்த படத்துக்குப் பக்கத்தில், சிவப்புப் பேனாவால் ஒரு சரி போட்டாள்.

"பட்டனை நல்லாத்தான் தைக்கிற," என்றாள்.

நான் பதில் யோசிப்பதற்குள் என் போன் அடித்தது. காவலாளி.

"சார், அந்த வாத்தம்மா இன்னும் உட்கார்ந்திருக்காங்க. நீங்க வர்றதா சொன்னீங்களாம். என் நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்காங்க. ஆமையைத் தேடி வேற ஒருத்தர் வந்திருக்கார்."

சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. புதிதாக அனுப்பும் லிங்க்குகள் இனி ஒழுங்காகப் போகும். ஆனால் ஏற்கெனவே அனுப்பியவை எல்லாம் என் வாசலுக்குத்தான் வந்துகொண்டிருக்கும். அவற்றில் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை. அவை வெறும் கடைப் பெயர்கள்.

"அவங்களுக்கு லிங்க் அனுப்பினது யாருன்னு கேளுங்க," என்றேன், செருப்பைத் தேடிக்கொண்டே. "அனுப்பினவங்களுக்குப் போன் பண்ணி, அந்தப் பக்கத்தை மூட வேண்டாம், கீழ இழுக்க வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க. வந்துட்டே இருக்கேன்."

திரும்பினால் அக்கா சிவப்புப் பேனாவையும் நாலைந்து பழைய விடைத்தாள்களையும் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ எங்க கிளம்புற? பென்சில் தூங்குறானே."

"பக்கத்து வீட்டுல சுவர் இடிச்சவங்களைக் கூப்பிட்டிருக்கேன். இவன் பக்கத்துல வந்து உட்காரட்டும், அதுதான் தண்டனை." கதவைத் திறந்தாள். "உன்னைத் தனியா அனுப்பினா வாத்து கிடைச்ச மாதிரிதான். கையை பாக்கெட்டுக்குள்ள போடு, நட."